பச்சை டப்பா, நீல டப்பா

பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலுக்குப் போகிற கடைத்தெருவில், வளையல் கடைக்கும் பொரிக்கடைக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. 'கம்ப்யூட்டர் ஜாதகம், பத்தே நிமிடத்தில்' என்று போர்டு. பத்து நிமிடமெல்லாம் சும்மா. கரண்ட் இருந்தால் ஏழு நிமிடம், இல்லையென்றால் அம்மன் விட்ட வழி. கடையை நடத்தியவள் குணசுந்தரி. இருபத்தொன்பது வயது. பக்கத்திலிருக்கிற ஆரணியிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி வந்து ஷட்டரைத் தூக்குவாள். ஏழு வருஷமாகத் தூக்குகிறாள்.

ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். பிரிண்டர் ஓடும்போது எழுந்து நிற்பாள், வாசலுக்குப் போவாள், பொரிக்கடைக்காரரிடம் மணி கேட்பாள், கையில் வாட்ச் கட்டியிருப்பாள். அவளிடம் சாஃப்ட்வேர் பற்றி வாயைக் கொடுத்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டதுதான் மிச்சம். ஆன்ட்டிவைரஸ் என்பது வாசலில் தூங்குகிற வாட்ச்மேன் என்பாள். பாட்டுக் கேட்கிற சாஃப்ட்வேரில் எதற்கு இத்தனை பட்டன், பாட்டுதானே கேட்கப்போகிறோம், பிளேனா ஓட்டப்போகிறோம் என்பாள். 'நிச்சயமாக மூடவா?' என்று கேட்கிற சாஃப்ட்வேரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "மூடுன்னுதானே சொன்னேன், அப்புறம் இன்னா கேள்வி?" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள்.

ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எந்த டப்பால போடறீங்க?"

டப்பா என்றால் சாஃப்ட்வேர் வந்த அட்டைப்பெட்டி. கம்பெனிக்காரன் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும், யார் வாயிலும் நுழையாது. அதனால் பச்சைப் பெட்டியில் வந்தது பச்சை டப்பா, நீலப் பெட்டியில் வந்தது நீல டப்பா. இரண்டும் பிறந்த தேதியையும் நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் ஜாதகத்தைக் கட்டம் போட்டுப் பலனோடு அடித்துத் தரும். வித்தியாசம் ஒன்றுதான். பச்சை டப்பா பழைய பஞ்சாங்கக் கணக்கில் போடும், நீல டப்பா புதுக் கணக்கில் போடும். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டிலும் ஒரே நட்சத்திரம்தான் வரும். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற நேரத்தில் பிறந்துவைத்தவர்களுக்குத்தான் பேஜாரு. பச்சையில் ஒன்று வரும், நீலத்தில் இன்னொன்று வரும்.

இந்தச் சங்கதி கடைத்தெருவுக்குப் பரவ எத்தனை நாள் ஆகும்? ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. பச்சை டப்பா கறாரான டப்பா, இருப்பதைச் சொல்லிவிடும் என்று பையனைப் பெற்றவர்கள் பச்சையைக் கேட்டார்கள். நீல டப்பா இளகின மனசு, தோஷத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நீலத்தைக் கேட்டார்கள். காக்களூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர், "வெர்ஷன் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் மகனின் தேதியைச் சொன்னார். கலர் பிரிண்ட் எடுத்தால் பலன் தவறாது என்றாள் ஒருத்தி. "வைரஸ் பூந்துச்சின்னா செவ்வாய் எடம் மாறுமா?" என்று ஒரு லாரி டிரைவர் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். குணசுந்தரி சிரிக்காமல், "மாறாதுங்க, ராகுதான் கொஞ்சம் அசையும்" என்று சொல்லி அனுப்பினாள். அந்த மனிதர் அதை எங்கெங்கே போய்ச் சொன்னாரோ.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் நட்சத்திரம் அடித்துக் கொடுத்தவளுக்குச் சொந்த நட்சத்திரம்தான் தலைவலி. குணசுந்தரி ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது, ஆயுசு குறைந்துவிடும் என்று ஜனங்களுக்கு ஒரு பயம். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்து பார்த்தவர்கள் காபி குடித்து, பிஸ்கட் தின்று, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, நட்சத்திரத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பொன்னேரியில் ஒரு பையனுக்கு எல்லாம் கூடிவந்தது. அவனுடைய அம்மா போனில், "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஏற்கனவே பிரஷர்" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது குணசுந்தரி, "பிரஷருக்கு மாத்திரை இருக்குது, ஆயில்யத்துக்கு இல்ல போல" என்றாள். அவள் அம்மா ஞானம்மா எழுந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் ஞானம்மா கல்யாணத் தரகர் வரதனைப் பிடித்து, "மாமியார் இல்லாத ஊடா பாருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது குணசுந்தரி காதில் விழுந்தது. அவ்வளவுதான். வீடு இரண்டாகிவிட்டது.

"எனக்குக் கல்யாணம் ஆவணும்னா எங்கியோ ஒரு பொம்பள செத்துப் போயிருக்கணுமா? கேக்கறதுக்கு உனுக்கு வெக்கமா இல்ல?"

"நான் இன்னாடி பண்றது? உன் நேரம் அப்பிடி."

"இனிமே அந்த மாதிரி கேட்டீன்னா நான் ஊட்டுக்கே வரமாட்டேன், சொல்லிட்டேன். கடையிலயே படுத்துக்குவேன்."

கேட்கவே மாட்டேன் என்று ஞானம்மா பவானி அம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். பெற்றவளின் சத்தியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

நீல டப்பா கடைக்கு வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால், தை மாதத்தில். அதுவரை பச்சை மட்டும்தான். பெண் வீட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டு நச்சரித்ததால் வாங்கிப் போட்டாள். புது சாஃப்ட்வேர் போட்டால் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு தேதி வேண்டும். கைக்கு முதலில் வருவது சொந்தத் தேதிதான். அடித்தாள். மகம் என்று வந்தது. சிம்ம ராசி.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். மகம். கம்ப்யூட்டரை அணைத்து, மின்விசிறியை அணைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, எல்லாவற்றையும் போட்டு மறுபடி அடித்தாள். மகம்தான். அவள் பிறந்த நேரம் இரவு ஒன்பது பத்து. பழைய கணக்கில் ஆயில்யம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, புதுக் கணக்கில் முடிந்துவிட்டிருந்தது. மகத்தால் எந்த மாமியாருக்கும் கெடுதல் இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு அன்றிலிருந்து இருப்பே கொள்ளவில்லை. பச்சை டப்பா அவளைப் பற்றி, 'அமைதியானவர், எதையும் மனத்தில் வைத்துக்கொள்பவர்' என்று எழுதியிருந்தது. நீல டப்பா, 'முன்கோபி, யாருக்கும் அடங்காதவர்' என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராமல் போனால், இப்போது நான் சும்மா இருந்தால் ஆயில்யம், சண்டை போட்டால் மகம் என்று யோசித்தாள். சண்டை போட்டாள். இறங்கி நடக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொண்டு புழுங்கினாள். ஆக இரண்டு டப்பாவும் சரி. அல்லது இரண்டும் தப்பு.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்தான். சொன்னால் ஞானம்மா கோயிலில் பொங்கல் வைத்துவிடுவாள். ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வரதன் முதலில் கொண்டுபோகிற சீட்டில் பெண்ணின் பெயர் இருக்காது, தேதியும் நேரமும் ஊரும் மட்டும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் அதை அவர்களுக்குத் தோன்றிய இடத்தில் கொடுத்துப் பார்ப்பார்கள். பச்சை டப்பா வைத்திருக்கிற கடைக்குப் போனால் அவள் வாழ்க்கை ஒரு மாதிரி, நீல டப்பா வைத்திருக்கிற கடைக்குப் போனால் வேறு மாதிரி. யாரோ ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கி எந்தக் கடைக்குள் நுழைகிறாரோ அதைப் பொறுத்து! நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறு என்றால் கால் வைக்க இடமிருக்காது. வேப்பிலையைச் சேலைபோல் உடுத்திக்கொண்டு பெண்கள் கோயிலைச் சுற்ற, பம்பையும் உடுக்கையும் காதைக் கிழிக்க, தெருவெல்லாம் வேப்பிலையும் கற்பூரப் புகையும். வெள்ளிக்கிழமைதான் வரதன் ஆரணிக்கு வந்து, "கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு எடம், சீட்டு குடுத்துருக்கேன், அமைஞ்சா சொல்றேன்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பையன் யார், வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு, "முன்னாடியே சொல்லிச் சொல்லித்தான் மூணு எடம் கெட்டுச்சு" என்று நழுவிவிட்டார். குணசுந்தரி அந்த இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஒரு அம்மாள் கடைக்குள் வந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது, முன்னந்தலையில் நரை, நெற்றியில் அப்போதுதான் இட்ட குங்குமம், கையில் தேங்காய் மூடி இருந்த பை. வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கும்மிடிப்பூண்டிலேந்து வரேம்மா. அம்மனப் பாக்க வந்தேன். அப்பிடியே ஒரு பொண்ணு ஜாதகம் இங்கியே போட்டுப் பாத்துக்கினு போலாம்னு. அம்மன் காலடியில பாத்தா ஒரு திருப்திதானே."

"குடுங்கம்மா."

பர்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். குணசுந்தரி பிரித்தாள். வரதனின் கோணல் எழுத்து. அவள் பிறந்த தேதி. இரவு ஒன்பது பத்து. ஊர் ஆரணி.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்திருப்பது மாமியார்! கடைத்தெருவில் இத்தனை கடை இருக்க, அம்மன் இவளைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கேயே உட்கார வைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். பிரஷர், கிஷர் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பச்சை டப்பா திறந்தபடி இருந்தது. காலையிலிருந்து அதில்தான் வேலை. தேதியை அடித்துப் பொத்தானைத் தட்டினால் ஏழு நிமிடத்தில் ஆயில்யம் என்று வந்து விழும், இந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், நாலாவது இடமும் முடிந்தது.

"எந்த டப்பால போடட்டும்மா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கின்னா தெரியும்? உனுக்கு எது சரின்னு படுதோ அதுல போடும்மா."

இதைவிட ஒரு மனுஷியைச் சோதிக்க முடியுமா, சொல்லுங்கள்! யாராவது ஒருத்தி, பச்சையில் போடு என்று அதட்டியிருந்தால் போட்டுத் தொலைத்திருப்பாள்.

இந்த சாஃப்ட்வேர்களில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் பருமனில் ஒரு லாக் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் சொருகினால்தான் திறக்கும். இரண்டையும் சேர்த்துச் சொருகினால் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற மேஜைக்கு அடியில் புகுந்து, தூசியில் மண்டிபோட்டு, ஒன்றைத் திருகிக் கழற்றி மற்றதைத் திருக வேண்டும். வாய் தவறியது, கை தவறியது என்றெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ள முடியாது.

குணசுந்தரி மேஜைக்கு அடியில் புகுந்தாள்.

"இன்னாம்மா, எதுனா உழுந்துச்சா?"

"ஒண்ணுமில்லமா, ஒயர் லூசா இருக்குது."

பச்சை லாக்கைக் கழற்றும்போது திருகாணி விரலைக் கீறியது. நீல லாக்கைச் சொருகினாள். வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்து தேதியை அடித்தாள். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் துப்பியது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு பேப்பரைக் கிழித்து அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

"மகம்மா. சிம்ம ராசி. நல்ல ஜாதகம்."

அம்மாள் பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை. "மகமா?" என்றாள். "தரகர் ஆயில்யம்னு இல்ல சொன்னாரு?"

"ஆயில்யம் இல்லமா. மகம். நல்லாப் பாத்துட்டேன்."

"அப்ப சரிப்படாது" என்றாள் அம்மாள். முகம் விழுந்துவிட்டது. "எங்க தம்பிக்குப் புனர்பூசம். மிருகப் பொருத்தத்துல அவன் பூன. ஆயில்யமும் பூன, சோடி சேரும்னுதான் ஆசையா இருந்தேன். மகம்னா எலியாச்சே? பூனைக்கு எலியக் கட்டுவாங்களா?"

குணசுந்தரிக்கு ஒரு சொல்தான் காதில் நின்றது. "தம்பியா?"

"ஆமாம்மா, என் தம்பி சசிகுமாரு. சிப்காட்ல பிட்டரு. எங்கம்மா போயி இருபது வருசமாவுது, நான்தான் வளத்தேன். மாமியார் இல்லாத ஊடு, ஆயில்யப் பொண்ணுன்னா எங்களுக்கு இன்னா பயம்? நல்ல பொண்ணாம், அந்த நட்சத்திரத்தாலயே தட்டிப் போவுதாம், தரகர் சொன்னாரு. கேக்கவே பாவமா இருந்துச்சு. நம்ம ஊட்டுக்காச்சும் வரட்டுமேன்னு பாத்தேன்." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "அதுவும் பொய்யாப் போச்சு. தரகனுங்க எதத்தான் சரியாச் சொல்றானுங்க?"

நீட்டிய பேப்பரை அப்போதுதான் வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள். குணசுந்தரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயோ, ஐயோ என்று இரண்டு தடவை சத்தமாகவே சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஞானம்மா சத்தியத்தை மீறியிருக்கிறாள், மகளுக்காக ஒரு இடம் தேடிப் பிடித்திருக்கிறாள், அந்த இடம் நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது, தன் கையாலேயே அதை எழுப்பி அனுப்பியாயிற்று.

மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்தாள். தலை இடித்துக்கொண்டது. நீலத்தைக் கழற்றிப் பச்சையைச் சொருகி, தேதியை அடித்து, பிரிண்ட் கொடுத்தாள். அந்தப் பாழாய்ப்போன பிரிண்டர் அன்றைக்கென்று ஆடி அசைந்து ஓடியது. முதல் பக்கம் கட்டம் வரைந்து முடிக்குமுன்னே பேப்பரை இழுத்துக் கிழித்துக்கொண்டு, வளையல் கடைக்காரியிடம், "கடையப் பாத்துக்கோக்கா" என்று கத்திவிட்டு ஓடினாள். வேப்பிலை கட்டிய பெண்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். யார் காலையோ மிதித்தாள், யாரோ திட்டினார்கள்.

கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அந்த அம்மாள் பின்பக்கப் படியருகே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். குணசுந்தரி மூச்சு வாங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த ஜாதகம் என்னோடது. நான்தான் அந்தப் பொண்ணு. குணசுந்தரி."

அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் ஆயில்யந்தாம்மா. இதோ, இதுல போட்ருக்குது. ரெண்டு சாஃப்ட்வேர் இருக்குது, அதுல ஒண்ணுல மகம்னு வருது. நீங்க வந்ததும் நான் அத மாத்திப் போட்டுட்டேன்."

"எதுக்கும்மா மாத்தின?"

"நீங்க அவரோட அம்மான்னு நெனச்சிட்டேன். ஆயில்யம்னா வேணாம்னுடுவீங்கன்னு."

அந்த அம்மாளின் பெயர் புவனேஸ்வரி என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. புவனேஸ்வரி பேப்பரை வாங்கவில்லை. முன்பக்கம் யாரோ மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயில்யம் மாமியாருக்கு ஆவாதுன்னு நீ நம்பறியா?" என்று கேட்டாள்.

குணசுந்தரி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எந்த டப்பா சரி என்று கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பாள்.

"சொல்லும்மா. நம்பறேன்னா, ஒரு மாமியார் உசுரோட குந்திக்கினு இருக்கான்னு நெனச்சும், மறைச்சிட்டு அந்த ஊட்டுக்கு வரப் பாத்த. அதுதானே?"

"ஐயோ, அப்பிடியில்லம்மா."

"அப்ப நம்பலியா?"

கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் ஒரு குலுக்குக் குலுங்கியது. குணசுந்தரி கம்பியை விடவில்லை.

"நம்பலீங்க" என்றாள். சொன்னபோது அது நிஜம் என்பது அவளுக்கே தெரிந்தது. நம்பவே இல்லை. ஒரு நாளும் நம்பியதில்லை.

புவனேஸ்வரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நம்பறேன்னு சொல்லியிருந்தாக்கூட, கல்யாண ஆசையில தப்பு பண்ணிட்டா, பாவம்னு உட்ருப்பேன்" என்றாள். "நம்பாமயாம்மா இத்தினி வருசமா ஊருல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் அடிச்சிக் குடுத்துக்கினு இருந்த?"

பஸ் நகர்ந்தது. குணசுந்தரி நாலு எட்டு கூடவே நடந்துவிட்டுக் கையை எடுத்தாள். டீசல் புகை முகத்தில் அடித்தது. கையிலிருந்த பேப்பரில் பாதிக் கட்டம்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் ஞானம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். ஞானம்மா முதலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பிறகு மகளைத் திட்டினாள், பிறகு கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். குணசுந்தரி சண்டை போடவில்லை. சத்தியத்தை மீறினாயே என்று கேட்கவும் தோன்றவில்லை. புதன்கிழமை வரதன் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த எடம் வேணாம்னுட்டாங்க" என்றார். காரணம் என்னவென்று ஞானம்மா கேட்டாள். "நட்சத்திரம் எதுவும் காரணமில்லன்னு சொல்லச் சொன்னாங்க. எனுக்கு ஒண்ணும் புரியல" என்றுவிட்டுப் போய்விட்டார். குணசுந்தரிக்குப் புரிந்தது. ஆயில்யத்தால் போகாமல் அவளால் போன முதல் இடம் அது.

வியாழன் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஏழு வருஷத்தில் எத்தனை பெண்களுக்கு அடித்திருப்போம் என்று கணக்குப் போடப் பார்த்தாள், முடியவில்லை. முகங்கள்தான் வந்தன. ஸ்டூலில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்ற பெண்கள். பிரிண்டர் ஓடும்போது தன்னைப்போலவே வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்த ஒருத்தி. பலனைப் படித்ததும் பேப்பரை அம்மாவிடமிருந்து பிடுங்கித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்ட ஒருத்தி. அவர்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா? எந்த வெர்ஷன், எந்த கலர், எந்த டப்பா என்று மட்டும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு இருக்கும். கழுத்தில் சிப்காட் கம்பெனி அடையாள அட்டை, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருப்பாள்போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அம்மா தேதி சொன்னாள், குணசுந்தரி அடித்தாள். திரையில் மூலம் என்று வந்தது. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அந்த அம்மா எழுத்துக் கூட்டித் திரையிலேயே படித்துவிட்டாள்.

"அய்யய்யோ. இன்னொரு டப்பா வச்சிருக்கியாமே, அதுல ஒரு தபா போட்டுப் பாரும்மா."

குணசுந்தரி நாற்காலியை விட்டு எழுந்தாள். வழக்கம்போல வாசலுக்குப் போகவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"எந்த டப்பால போட்டாலும் மூலந்தாம்மா வரும். வந்தா வரட்டும். அதுனால எந்த மாமனாருக்கும் ஒண்ணும் ஆவாது. நான் நம்பலம்மா. ஒண்ணும் இல்ல அதுல. பொண்ணுக்குப் புடிச்ச எடமாப் பாத்துக் குடுங்க."

அந்த அம்மா அவளை, பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா கடைய வச்சிக்கினு குந்தியிருக்க?"

பொரிக்கடைக்காரர் ரேடியோவில் அம்மன் பாட்டு போட்டார். இவ்வளவு நேரம் தலையைக் குனிந்துகொண்டு அடையாள அட்டையைத் திருகிக்கொண்டிருந்த அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.